வளைவுக்கு ஒரு ராஜா

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் போதும் என்று விட்டுவிட்டோம். அதற்கப்புறம் நான் எழுதியது டீசல் கேனில் என் பெயரும், ஜீப்பின் பின்கண்ணாடியில் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு நக்கலும்தான். ஆனால் போன வாரம் கியர்பாக்ஸ் போய்விட்டது. மெக்கானிக் அதைக் கழற்றி ஒரு மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறார். மழையும் விடவில்லை. சும்மா படுத்துக் கண்ணை மூடினால் ராஜாக்கள் வந்து நிற்கிறார்கள். சரி, எழுதித் தொலைத்தால் போய்விடுவார்கள் என்று உட்கார்ந்தேன்.

நான் மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக்கும் கீழே திருப்பத்தூருக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். பஸ் எப்போதாவது வரும். ஜீப் ஆள் நிறைந்தால் கிளம்பும். நிறையும்வரை டிரைவருக்கு வேலை காத்திருப்பது. என் வயதில் ஒருவன் எவ்வளவு நேரம்தான் போனைப் பார்ப்பான்? அதனால் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாரையும் கலாய்த்துக்கொண்டே இருப்பேன். என் ஜீப்பில் வந்தால் வழி தெரியாது என்று சொல்வார்கள். அதைப் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

என் கூட்டாளி ஒருத்தன். ஒரே கொல்லை வரப்பில் மாடு மேய்த்தவர்கள் நாங்கள். நான் நிறுத்திய இடத்திலிருந்து அவன் படித்துக்கொண்டே போனான். திருப்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் வரலாறு பட்டப்படிப்பு. எல்லாப் பேப்பரும் முடித்துவிட்டான், ஒன்று தவிர. ரோமாபுரி ராஜ்ஜியம் சாயங்காலத்துக்கு வந்த காலத்தைப் பற்றிய பேப்பர். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போனது. மூன்றாவது தடவைதான் கடைசி. அடுத்த வருஷம் பாடத்தையே மாற்றுகிறார்கள், அப்புறம் முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த ஒரு பேப்பர் தேறினால் பட்டம். பட்டம் வந்தால் பி.எட். சேரலாம். பி.எட். முடித்தால் வாத்தியார். இல்லையென்றால் ஆயுசு முழுக்க ஊரார் ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"படிக்கிறேன்டா. ஆனா வரிச நிக்கமாட்டுது. எவன் முன்ன, எவன் பின்னன்னு எல்லாம் கலஞ்சி பூடுது. ரெண்டு தபாவும் அதுலதான் போச்சி. வருஷத்த விட்டுட்டு வரிசைய மட்டும் கேக்கறாங்க, அதயும் மாத்தி எழுதிட்டு வர்றேன்" என்றான் ஒரு நாள்.

"குடு, நான் படிச்சிக் கத சொல்றேன்" என்றேன்.

சும்மா வாய் விட்டதுதான். அவன் நம்பி நோட்ஸைக் கொடுத்துவிட்டான். கடையில் வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் அடித்த நோட்ஸ். முன்பக்கத்தில் யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு, பட்டா, கல்யாணப் பத்திரிகை. பின்பக்கத்தில் ராஜா. நடுவில் கொஞ்சம் கலர் படங்களும் இருந்தன. கழுகுச் சின்னம், கிரீடம், ராஜா போர்த்திக்கொள்ளும் கத்தரிப்பூ நிறப் போர்வை. மிஷினில் சிவப்பு மை தீர்ந்துபோயிருந்ததால் அந்தப் போர்வை மட்டும் நீலமாக, லாரி தார்ப்பாய் போல வந்திருந்தது.

திருப்பத்தூரில் ஜீப் நிறைவதற்குக் காத்திருக்கும்போது ஸ்டியரிங்மேல் தாளை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு பெயரும் ஒரு கொண்டை ஊசி வளைவு மாதிரி, பாதியில் திரும்பிவிடுகிறது. அதனால் பெயரை அவனிடம் விட்டுவிட்டு, ஆளை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டவர்களை எங்கே வைப்பது? எனக்குத் தெரிந்த ஒரே இடம் மலைப்பாதை. எங்கள் கணக்கில் பெரிய வளைவு ஏழு. வளைவுக்கு ஒருவரை நிறுத்தினேன்.

மேலே இருந்து முதல் வளைவு. அங்கே ஓரமாக ஒரு துண்டு நிலம் உண்டு, யாரோ சாமை போடுவார்கள். அந்த இடத்தில் கோஸ் ராஜா. நாட்டை நாலாகப் பிரித்து நாலு பேரிடம் கொடுத்துவிட்டு, வயசானதும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போய் முட்டைக்கோஸ் போட்டவர். திரும்பி வாருங்கள் என்று கூப்பிட வந்தார்களாம். என் கோஸைப் பார்த்தீர்களா, பார்த்திருந்தால் கூப்பிடமாட்டீர்கள் என்றாராம். எனக்கு ரொம்பப் பிடித்த ராஜா.

இரண்டாவது வளைவில் வானம் திறந்து தெரியும். அங்கே, சண்டைக்குப் போகும் வழியில் சூரியனுக்கு மேலே ஒரு அடையாளத்தைப் பார்த்த ராஜா. பார்த்ததை எல்லாச் சிப்பாயும் கேடயத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். நம்ம ஊர்ப் பையன்கள் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதைப்போல. ஒட்டினார்கள், ஜெயித்தார்கள்.

மூன்றாவதில் தாடி ராஜா. படிப்பாளி. தத்துவம் பேசுவார், மெத்தையில் தூங்கமாட்டார், போன சாமிகளைத் திரும்பக் கூட்டி வரப் பார்த்தார். ஒரு பெரிய பட்டணத்துக்காரர்கள் அவர் தாடியைக் கிண்டல் செய்தார்கள். ராஜா என்ன செய்வான்? தலையை எடுப்பான். இவர் எடுக்கவில்லை. தன் தாடியைத் தானே கிண்டல் செய்து ஒரு புத்தகம் எழுதினார். கலாய்ப்பதைத் தொழிலாக வைத்திருக்கும் எனக்கே அது தோன்றியிருக்காது.

நாலாவது வளைவில் ராஜா இல்லை. ஒரு பெண். கடலோரப் பட்டணத்தில் கணக்கும் நட்சத்திரமும் தத்துவமும் சொல்லிக்கொடுத்தவர். பெரிய இடத்து ஆட்களெல்லாம் அவரிடம் படித்தார்கள். ஒரு நாள் அவர் வண்டியில் போகும்போது ஒரு கும்பல் வழிமறித்து இழுத்துக் கொன்றது. அந்த வளைவு வந்தால் நானும் ஒன்றும் நக்கல் செய்யமாட்டேன். ஹார்ன் மட்டும் அடிப்பேன்.

ஐந்தாவதில் சின்னப்பையன் ராஜா. மேற்குப்பக்கத்தின் கடைசி ராஜா. அவனை ஒரு படைத்தலைவன் பிடித்து, அடிக்காமல் கொல்லாமல், போய் எங்கேயாவது சொகுசாக இரு தம்பி என்று அனுப்பிவிட்டான். அப்புறம் கிரீடம், போர்வை, ராஜாவுக்கு உள்ள எல்லாச் சாமானையும் பெட்டியில் போட்டு, இங்கே இனி இது வேண்டாம் என்று கிழக்குப் பட்டணத்து ராஜாவுக்கு அனுப்பிவைத்தான். நம்ம ஊரில் பஸ் டிரைவரிடம் பார்சல் கொடுத்துவிடுகிற மாதிரி. ஒரு ராஜ்ஜியமே ஒரு பெட்டிக்குள் போய்விட்டது.

ஆறாவதில் ஜெயில் கைதி. மந்திரியாக இருந்த தத்துவஞானி. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் சிறையில் தத்துவமே ஒரு பெண்ணாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசியதாக எழுதினார். ஏழாவது, அடிவாரத்தில், கத்தரிப்பூ ராணி. கரடி மேய்த்தவர் மகள், கூத்தாடி, பிறகு ராணி. ஊரே கலவரத்தில் எரிகிறது, ராஜா கப்பலைப் பிடித்து ஓடிவிடலாம் என்கிறார். இவள், இந்தப் போர்வையைக் கழற்றிவிட்டு உயிரோடு இருப்பதைவிட இதிலேயே சுற்றிப் புதைக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ராஜா ஓடவில்லை. அந்த ராஜாதான் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷமாக நடந்த தத்துவப் பள்ளிக்கூடத்தை மூடினவர். ஏழு வாத்தியார்கள் வேலை போய்க் கிழக்கே இன்னொரு ராஜாவைத் தேடி நடந்தார்கள்.

கணக்கில் வராத ஒருவரும் உண்டு. முதல் வளைவுக்கும் முன்னால், மேலே இருக்கும் டீக்கடை பெஞ்சில். இந்த உடம்புக்குள் இருப்பதே வெட்கம் என்று சொன்ன தத்துவஞானி. பிறந்த நாளைச் சொல்லமாட்டார். படம் வரைய விடமாட்டார், இருக்கிற நிழலுக்கு இன்னொரு நிழலா என்பார். பனி இறங்கும் நாட்களில் அந்த பெஞ்சில் யாரோ முகம் திருப்பி உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும்.

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பும் ஜீப்பில் கதை சொல்லிக்கொண்டே இறங்குவேன். எங்கள் மலையில் விடிகாலைப் பனி என்பது பார்க்கிற விஷயம் இல்லை, உள்ளே போகிற விஷயம். ஹெட்லைட் வெளிச்சம் இரண்டு அடிக்கு மேல் போகாது. வளைவு வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கை திரும்பிவிடும். அப்போது ஓரத்தில் நிற்கிற கல், மரம், கிலோமீட்டர் கல் எல்லாம் போர்வை போர்த்தினதுபோல நிற்கும். கோஸ் ராஜா குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பார். தாடி ராஜா தாடியில் பனி சொட்ட நிற்பார். வண்டி அவர்கள் பக்கத்தில் மெல்லப் போகும். யாரும் கை காட்டி நிறுத்தமாட்டார்கள். அவர்கள் போக வேண்டிய இடத்துக்கு ஷேர் ஜீப் இல்லை.

கடைக்குப் போக தினமும் என் ஜீப்பிலேயே வருகிற என் கூட்டாளி அதில் எதையும் பார்த்ததில்லை. ஏறி உட்கார்ந்து டீக்கடை தாண்டுவதற்குள் தலை தொங்கிவிடும். ராத்திரியெல்லாம் படித்தேன் என்பான். அடிவாரத்தில் போய்த்தான் கண் திறப்பான். அதனால் சாயங்காலம், நாங்கள் திரும்பி ஏறும்போது, அந்தந்த வளைவில் அந்தந்தக் கதையை மறுபடி சொல்வேன். அப்போது முன்சீட்டில் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்பான். ராணியில் சிரிப்பான். ஜெயில் கைதியிடம் பெருமூச்சு விடுவான். மேலே கோஸ் ராஜாவுக்கு வந்ததும் அப்பாடா என்று சீட்டில் சாய்ந்துகொள்வான்.

காலையில் நான் கதை சொல்வது அப்போது யாருக்கு? வழக்கமாக வருகிற இரண்டு பேருக்கு. ஒருவர் பலாப்பழமும் புளியும் கொண்டுபோய் விற்கிற ஒரு அத்தை. எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் மலையில் பாதிப் பேருக்கு அவர் அத்தைதான். இன்னொருவர் வாணியம்பாடி பாய். வாரச் சந்தைக்குத் துணி எடுத்து வந்து, மேலேயே இரண்டு நாள் தங்கி விற்றுவிட்டு இறங்குகிறவர். பாய் கதை கேட்கும்போது நடுநடுவே, "பாவம், என்னா பண்ணுவான்" என்று மட்டும் சொல்வார். ராஜா, படைத்தலைவன், கொலைகாரன், எல்லாருக்கும் அதே பாவம். அத்தை ஒன்றும் சொல்லமாட்டார். வெற்றிலையை மென்றுகொண்டு வெளியே பார்ப்பார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

பரீட்சை நாள் வந்தது. பத்து மணிக்குத் திருப்பத்தூரில். அன்று அவன் தூங்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு, திருநீறு பூசி, முன்சீட்டில் விறைத்து உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு தாள் கிடையாது. போன தடவை ஹாலில் சட்டைப் பையில் நோட்ஸ் துண்டு ஒன்று தற்செயலாக இருந்து பெரிய ரகளை ஆனது. அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். மலைப்பாதையில் போனுக்கு டவரும் கிடையாது. அவனிடம் இருந்தது மண்டையில் இருந்தது மட்டும்தான்.

ஆள் நிறையும்வரை காத்திராமல், பின்னால் அத்தையும் பாயும் மட்டுமாகக் கிளம்பினேன். டீக்கடை தாண்டியது. பனி. அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். முதல் வளைவு திரும்பினேன்.

"ஏழு. கோசு ராஜா" என்றான்.

நான் பிரேக்கில் கால் வைத்தேன். "இன்னா ஏழு?"

"ஏழாவது. கடசி ராஜா."

"அவர் மொதல்டா."

"போர்டு பாரு. கீழ அடிவாரத்துலதான் ஒண்ணுன்னு போட்டுக்கீறான். ஒண்ணு ராணி, ரெண்டு ஜெயிலு, மூணு பார்சலு. மேல வந்து ஏழு கோசு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் மேலே பிறந்தவர்கள், வளைவை மேலே இருந்து எண்ணுவோம். நெடுஞ்சாலைக்காரர்கள் கீழே இருந்து ஏறி வந்தவர்கள், போர்டை அங்கிருந்து நட்டார்கள். எனக்கு ராஜாக்கள் என்றால் இடம், வண்டி மேலே போனாலும் கீழே போனாலும் அவரவர் இடத்தில் அவரவர் நிற்பார்கள். அவனுக்கு அது வரிசை. அவன் கேட்டதெல்லாம் சாயங்காலக் கதை. ஏறும் கதை. ரோமாபுரியை அவன் வாலிலிருந்து தலைக்கு மனப்பாடம் செய்திருக்கிறான்.

"டேய், மொத்தமா தலகீழா வச்சிக்கீற. எறங்கற வரிசதான் நெஜம்" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெள்ளனே ஆரம்பிச்சிட்டியா? இன்னிக்கி வேணாம்டா."

"சத்தியமா சொல்றன்."

"போன மாசம் பரீட்ச செங்கத்துல மாத்திட்டாங்கன்னு சொல்லி என்ன ஓட வுட்டியே, அதுவும் சத்தியம்தான். விசிலடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்ட ராஜான்னு ஒருத்தன நடுவுல சொருகி மூணு நாளு நம்ப வச்சியே, அதுவும் சத்தியம்."

இத்தனை வருஷம் இவனிடம் பொய்யாகச் சொன்னதெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து இப்போது என் உண்மைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஜீப் தானாக உருண்டு இரண்டாவது வளைவுக்கு வந்தது. பனிக்குள் வானம் இல்லை.

"யோசிச்சிப் பாருடா" என்றான் அவன், எனக்கு இரக்கம் காட்டுகிறவன்போல. "கலவரம், ஜெயிலு, பார்சலு, அந்தப் பொண்ண கொன்னது, தாடிக்காரன், சண்ட. எல்லாம் ஆடி அடங்கி ஒருத்தன் கிரீடத்தக் கயட்டி வச்சிட்டு கோசு நட்டான். அதான முடிவு? எவனாச்சும் கோசு நட்டுட்டு அப்பறமா கலவரம் பண்ணுவானா?"

அவன் சொன்னது எனக்கே நியாயமாகப் பட்டது. நான் ராஜாவாக இருந்தால் அப்படித்தான் வரிசைப்படுத்துவேன். உலகம் ஏனோ அப்படி நடக்கவில்லை. கோஸ் நட்டதற்கு அப்புறம்தான் எல்லாம் நடந்தது.

"பாய், நீங்க சொல்லுங்க" என்றேன் பின்னால் திரும்பி.

"தம்பி, நான் பாதி நேரம் கணக்கு யோசிச்சினு வருவேன். ஆளுங்க ஞாபகம் கீது. வரிச தெரியாது" என்றார் பாய்.

அப்போது அத்தை வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"நீ எங்கப்பா கேட்ட? தெனத்துக்கும் வாயப் பொளந்துனு தூங்கினே வர்ற" என்றார் அவனிடம். "மேல கோசுக்காரன். இதோ, இங்க வானத்துல பார்த்தவன். இவன் சூரியனப் பார்த்ததும் என் பழக்கூட கொஞ்சம் சாயும், வண்டி அப்டி திரும்பும். அப்பறம் தாடி."

மூன்றாவது வளைவு வந்தது. "இதான் தாடி" என்றார். கூடையை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டார். "தாடில எப்பவும் ஒரு பழம் உருளும்."

அவன் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான்.

நாலாவது வளைவு வந்தபோது அத்தை குரலைத் தாழ்த்தினார். "இங்க அந்தப் பொண்ணு. கணக்கு சொல்லிக்குடுத்தது. வண்டில போற பொண்ண எறக்கி அடிச்சானுங்க." நான் ஹார்ன் அடித்தேன். அத்தை முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டார். பாய் மெதுவாக, "பாவம்" என்றார். என்ன பண்ணுவான் என்று அன்று சேர்க்கவில்லை.

ஐந்தாவதில், "பொட்டி கட்டி அனுப்பினது" என்றார் அத்தை. ஆறாவதில், "ஜெயிலு. அந்தம்மா வந்து பக்கத்துல ஒக்காந்துக்கும்." அடிவாரத்தில், "இவதான் கடசி. போர்வைக்காரி. பள்ளிக்கூடத்த மூடினவன் பொண்டாட்டி. வாத்தியாருங்க அதோ அப்டிக்கா நடந்து பூட்டாங்க." சமவெளியைக் கைகாட்டினார், நேற்றுப் போனவர்களைக் காட்டுகிறாற்போல.

ஜீப்பை ஓரம் கட்டினேன். அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இஸ்திரிச் சட்டை அக்குளில் நனைந்திருந்தது.

"அத்த சொல்றதுதான் நெஜமாடா?" என்றான்.

"நான் அதத்தான..."

"நீ கம்னு இரு. அத்த, நெஜமா?"

"நான் ஏன்பா உங்கிட்ட பொய் சொல்லப்போறேன். எனக்கு இன்னா ராஜா மேல ஆசயா?"

அவன் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் போச்சி. மறுபடியும் தலகீழாதான் வரும். மண்டைல ஏறினது அப்டியே கீது" என்றான். எனக்கு ஒரு நக்கலும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

பாய் தொண்டையைக் கனைத்தார். "மணி ஆறரகூட ஆவல. வண்டியத் திருப்பு தம்பி. மேல போயி மொதல்ல இருந்து எறக்கு."

"பாய், ஒங்களுக்கு வாணியம்பாடி பஸ்ஸு?"

"பஸ்ஸு அடுத்தது வரும். தம்பிக்கு அடுத்தது இல்லன்றாரு இல்ல."

அத்தையைப் பார்த்தேன். அவர் கூடையில் இருந்த பழத்தை மோந்து பார்த்தார். "இன்னும் ரெண்டு நாளு தாங்கும். திருப்பு" என்றார்.

திருப்பினேன். ஆனால் ஏறும்போது ஒரு ஆபத்து இருந்தது. ஏறினால் மறுபடி அதே தலைகீழ் வரிசைதான். அதனால் ஏறி முடிக்கும்வரை யாரும் ராஜா பேச்சை எடுக்கக் கூடாது, அவன் கண்ணைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். அத்தை தன் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்தார். புளியமரம் ஒன்றைப் பங்கு பிரித்ததில் நாத்தனார் எந்தக் கிளையை எடுத்துக்கொண்டார், அது எந்தப் பக்கம் காய்த்தது என்று ஏழு வளைவுக்கும் அந்தச் சண்டை வந்தது. கண்ணை மூடிக்கொண்டே அவன் ஒருமுறை, "அப்ப அத்த, காய் வுழுந்தா யாருக்கு?" என்று கேட்டான். அத்தைக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. டீக்கடைப் பக்கத்தில் திருப்பி நின்றோம். பெஞ்ச் காலி. பனி விலகிவிட்டது. கீழே பாதை ஒவ்வொரு மடிப்பாகத் தெரிந்தது. வெறும் தார், தடுப்புக் கல், ஒரு குரங்குக் குடும்பம். ஒரு ராஜாவும் இல்லை. எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. பனி இல்லாமல் அவர்களை நான் பார்த்ததே இல்லை.

"கண்ணத் தொற. இப்ப நீ சொல்லு" என்றேன்.

அவன் திறந்தான். முதல் வளைவு. வெயிலில் சாமைத் துண்டு பளிச்சென்று பச்சையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நாலாகப் பிரித்ததைச் சொன்னான், கோஸைச் சொன்னான், என் வாயில் நுழையாத அந்தப் பெயரையும் சொன்னான். இரண்டாவதில் வானத்தைச் சொன்னான். அத்தையின் கூடை சாய்ந்தது, அவன் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான். தாடியில் ஒரு பழம் உருண்டது. அவன் பேசப் பேச வெயிலில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பனியில் இருந்ததைப்போல இல்லை. சன்னமாக, வெயில் ஊடே தெரிகிற மாதிரி, தார் ரோட்டுமேல் கானல் ஆடுகிற மாதிரி. நான் பார்த்தேன். பாயும் ஒரு வளைவில் கழுத்தைத் திருப்பி எதையோ பார்த்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

நாலாவதில் ஹார்ன் அடிக்க நான் மறந்துவிட்டேன். அவன் கையை நீட்டி அடித்தான்.

அடிவாரம் வரை ஒரு இடத்தில்கூட இடறவில்லை. பெட்டி கட்டி அனுப்பின இடத்தில் கொஞ்சம் நிதானித்தான், அவ்வளவுதான். பரீட்சை ஹால் வாசலில் ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டேன். உள்ளே போகும்முன் திரும்பி வந்து, "இனிமே கொஞ்ச நாளிக்கி என்னாண்ட எதுவும் சொல்லாத" என்றான். ஒரு மணி வரை ஜீப்பில் ஆள் ஏற்றாமல் அங்கேயே நின்றிருந்தேன். வெளியே வந்தவனிடம் எப்படி எழுதின என்று கேட்டேன். கொஞ்ச நாளைக்குப் பேசாதே என்றால் அது இன்றும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டான்.

அப்புறம் ஒன்றரை மாதம் போனது. அவன் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு ரூமில் தங்கிக்கொண்டான், மலைக்கு வருவது குறைந்தது. நான் தினமும் இறங்கினேன், ஏறினேன். கதை சொல்லவில்லை. ஆனாலும் வளைவு வந்தால் கை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே மனசு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் திரும்பும். முடிவு வந்துவிட்டது என்று ஜீப்பில் வந்த ஒரு காலேஜ் பெண் சொன்னாள். அவனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், பார்த்தான், பதில் இல்லை. தேறியிருந்தால் சொல்லியிருப்பான். போயிருந்தால் அது என் கதையால்தான். நான் காலையில் ஒரு நாளாவது அவனைத் தட்டி எழுப்பியிருக்கலாம். எந்த வளைவு ஒன்று, எந்த வளைவு ஏழு என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். சிரிக்க வைப்பதிலேயே இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த இரண்டு நாளும் அத்தை மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலையை மென்று, தனக்குத் தானே சிரித்துக்கொண்டே வந்தார். நல்ல விலை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், மேலே டவர் கிடைக்கிற ஒரே பாறைமேல் ஏறி நின்று அவனுக்கு இப்படி அனுப்பினேன்: 'பெயிலாப் போனா சொல்லுடா, மறுபடி மொதல்ல இருந்து படிக்கலாம், நான் தெனமும் ஒன்ன எழுப்பி வுடுறேன், இதுல நக்கல் இல்ல.'

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"பாஸ்டா, அத்தைக்கு மொதல்ல சொல்லிட்டேன்."